ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் இருக்கும் காப்புரிமைகள்

பாலக்கோட்டிலிருந்து காரிமங்கலம் போகும் சாலையோரத்து ரீவைண்டிங் கடை ஒன்றில், எரிந்துபோன காயில்களின் நெடிக்கும் புது வார்னிஷ் வாசனைக்கும் நடுவே, கடைக்காரர் ஒரு தகரப் பெட்டியின் திருகாணிகளைக் கழற்றித் திறந்து காட்டினார். மேலே ஒரு பழைய பட்டன் போன் ரப்பர் பட்டை போட்டு இறுக்கி வைக்கப்பட்டிருந்தது. அதன் இயர்போன் துளையிலிருந்து இறங்கிய மெல்லிய கம்பிகள் பதினெட்டுக் கால்கள் கொண்ட ஒரு கறுப்புச் சிப்புக்குப் போயின. சிப்புக்குப் பக்கத்தில் சின்னக் கிரிஸ்டல் ஒன்று, நீலநிறத்தில் இரண்டு ரிலேக்கள், அவற்றிலிருந்து கிளம்பி மோட்டார் ஸ்டார்ட்டரின் பச்சை, சிவப்புப் பொத்தான்களுக்குப் பின்னால் போய் முடியும் தடித்த ஒயர்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இதை ‘மொபைல் ஸ்டார்ட்டர்’ என்றால் எல்லோருக்கும் தெரியும். வீட்டில் படுத்தபடி அந்த எண்ணுக்கு அழைத்தால் பெட்டிக்குள் இருக்கும் போன் தானே எடுத்துக்கொள்ளும். 1 அழுத்தினால் மோட்டார் ஓடும், 2 அழுத்தினால் நிற்கும்.

மும்முனை மின்சாரம் முறை வைத்து வருவதும், அந்த முறை நள்ளிரவில் அமைவதும் இங்கே புதிதல்ல. தேன்கனிக்கோட்டை, ராயக்கோட்டைப் பக்கம் ராகி முற்றும் காலத்தில் யானை இறங்கும். மற்ற ஊர்களில் வரப்பில் பாம்பு கிடக்கும். டார்ச் லைட்டோடு கிணற்றடிக்குப் போய்வரும் அந்த நடையை மிச்சப்படுத்துவதால்தான் இந்தப் பெட்டி விலைபோகிறது. கடைக்காரர் கேட்டது இரண்டு கேள்விகள். “இதுக்குக் காப்புரிமை வாங்க முடியுமா சார்? வாங்கிட்டா வேற யாரும் இதைச் செய்யக்கூடாதுன்னு சொல்ல முடியுமா?”

இரண்டும் ஒரே கேள்வி போலத் தோன்றினாலும் அப்படியல்ல. பெட்டிக்குக் காப்புரிமை என்று நாம் பேச்சுவழக்கில் சொல்வது சட்டத்தின் பார்வையில் பொருளே இல்லாத தொடர். காப்புரிமை ஒரு பொருளுக்குத் தரப்படுவதில்லை. விண்ணப்பத்தின் கடைசிப் பக்கங்களில் எண்ணிட்டு எழுதப்படும் உரிமைக்கோரல் என்னும் வாக்கியங்களுக்கே தரப்படுகிறது. படங்களும் விளக்கமும் அந்த வாக்கியங்களைப் புரிந்துகொள்ள உதவுபவை. பத்திரத்தில் நிலத்தின் அழகு எழுதப்படுவதில்லை, நான்கெல்லைதான் எழுதப்படுகிறது. அதைப் போலத்தான் இதுவும். தொலைபேசி, கணினிச் சுற்று, மின்கருவி ஆகிய மூன்று துறைகளிலும் நடந்த பெரிய வழக்குகளை எடுத்துப் பார்த்தால், யார் முதலில் கண்டுபிடித்தார் என்பதைவிட யாருடைய வாக்கியம் எதுவரை நீள்கிறது என்பதே பல வழக்குகளில் தீர்ப்பை முடிவு செய்திருக்கிறது. அந்த மூன்று துறைகளும் இந்த ஒரே தகரப் பெட்டிக்குள் இருப்பதால், பெட்டியை வைத்தே அதைச் சொல்லிவிடலாம்.

கிணற்றுக்குள் இருக்கும் மோட்டாரிலிருந்து தொடங்குவோம். சுழலும் காந்தப்புலத்தால் ஓடும் மோட்டாருக்கு நிகோலா டெஸ்லா 1887 அக்டோபரில் விண்ணப்பித்து 1888 மே 1 அன்று அமெரிக்கக் காப்புரிமைகளைப் பெற்றார். அதே தத்துவத்தை இத்தாலியில் கலிலியோ ஃபெராரிஸ் தனியாகக் கண்டு 1888இல் கட்டுரையாக வெளியிட்டார், காப்புரிமை கேட்கவில்லை. இன்று நம் போர்வெல்லில் ஓடும் மும்முனை, கூண்டுச் சுழலி வடிவத்தை 1889இல் உருவாக்கியவர் ஜெர்மனியில் பணியாற்றிய மிகயில் டொலிவோ-டொப்ரொவோல்ஸ்கி. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி காப்புரிமை வழங்கிய நாளிலிருந்து 17 ஆண்டுகள்தான் ஆயுள் என்பதால், டெஸ்லாவின் 1888ஆம் ஆண்டு உரிமைகள் 1905இலேயே முடிந்துவிட்டன. காயில் கட்டும் எவரும் அதன்பின் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

அடுத்தது ரிலே. ஒரு சுற்றில் ஓடும் சிறிய மின்னோட்டம் இன்னொரு சுற்றில் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடுவது என்ற இந்த எண்ணத்தை 1835 வாக்கில் செய்து காட்டியவர் ஜோசப் ஹென்றி. அவர் அதற்குக் காப்புரிமை எடுக்கவில்லை. அதைத் தந்திக்குப் பயன்படுத்திய சாமுவேல் மோர்ஸ் 1840இல் காப்புரிமை எடுத்தார். மோர்ஸின் எட்டாவது உரிமைக்கோரல் இங்கே முக்கியமானது. தம் இயந்திரத்தோடு நிற்காமல், மின்காந்த விசையைக் கொண்டு தொலைவில் எழுத்தையோ குறியையோ பதிக்கும் எந்த முறையும், அது எப்படி உருவாக்கப்பட்டாலும், தமக்கே உரியது என்று அவர் எழுதினார். 1854இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மற்றக் கோரல்களை ஏற்று, அந்த எட்டாவதை மட்டும் தள்ளியது. தாம் விளக்காத வழிகளையெல்லாம் ஒருவர் தமதென்று வேலி போட முடியாது என்பதே காரணம். ஊரையே வளைத்துப் போட்ட பட்டா செல்லாது என்று சொன்னதாக வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பின்னணியோடு அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் காப்புரிமையைப் படித்தால் அதன் சாமர்த்தியம் புரியும். 1876 பிப்ரவரி 14 அன்று பெல்லின் விண்ணப்பமும் அதே கருவிக்கு முயன்ற எலிஷா கிரேயின் முன்னறிவிப்பு மனுவும் ஒரே நாளில் வாஷிங்டன் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்த கதை எல்லோரும் அறிந்தது. அதைவிடக் கவனிக்க வேண்டியவை வேறு. காப்புரிமையின் தலைப்பு ‘தந்தியில் ஒரு மேம்பாடு’ என்பதுதான். அது வழங்கப்பட்ட நாள் மார்ச் 7. பெல்லின் கருவியில் முதல்முறையாகப் புரியும்படி பேச்சு கேட்டது மார்ச் 10. அதாவது, உரிமை கைக்கு வந்து மூன்று நாள் கழித்தே கருவி பேசியது. வேலை செய்யும் மாதிரியைக் காட்டு என்று சட்டம் கேட்கவில்லை, செய்யும் விதத்தைத் துறை அறிந்தவர் பின்பற்றக்கூடிய அளவுக்கு எழுது என்றுதான் கேட்டது. இந்தியச் சட்டமும் இன்று அடிப்படையில் அதையே கேட்கிறது.

பெல்லின் ஐந்தாவது உரிமைக்கோரல்தான் நூற்றுக்கணக்கான வழக்குகளைத் தாங்கி நின்றது. குரல் எழுப்பும் காற்றதிர்வின் வடிவத்தையே ஒத்த மின் அலைவுகளை உண்டாக்கி ஒலியைத் தந்திக்கம்பி வழியே அனுப்பும் முறையும் கருவியும் என்பது அதன் சாரம். அதற்கு முன் முயன்ற பலர் மின்னோட்டத்தை விட்டு விட்டு அனுப்பினார்கள். அதனால் சுரம் கேட்டது, சொல் கேட்கவில்லை. பெல்லின் வாக்கியம் அந்த வேறுபாட்டின் மீது சரியாகக் கால் ஊன்றியது. மோர்ஸின் எட்டாவது கோரலைப் போல இதுவும் மிக அகலமானது என்று எதிர்த்தரப்பு வாதாடியது. பெல் மின்சாரத்தை முழுக்கக் கேட்கவில்லை, ஒரு குறிப்பிட்ட நிலையில் வைக்கப்பட்ட மின்சாரத்தை ஒரு குறிப்பிட்ட காரியத்துக்குக் கேட்டார் என்று சொல்லி, 1888இல் உச்ச நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் அதை ஏற்றது. ஒரு நீதிபதி மாறி வாக்களித்திருந்தால் தொலைபேசித் தொழிலின் வரலாறே வேறாக இருந்திருக்கும். மோர்ஸின் வாக்கியத்துக்கும் பெல்லின் வாக்கியத்துக்கும் இடையிலுள்ள தூரம்தான் காப்புரிமை எழுதும் கலை என்பது என் எண்ணம்.

பெல்லின் காலத்தில் ஓர் எண்ணுக்கு இணைப்புத் தர எக்ஸ்சேஞ்சில் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். அதைத் தானியங்கியாக்கியவர் கன்சாஸ் நகரத்தில் ஈமச்சடங்கு நிலையம் நடத்திய ஆல்மன் ஸ்ட்ரோஜர். தமக்கு வர வேண்டிய அழைப்புகளை ஆபரேட்டர் போட்டிக்காரருக்குத் திருப்பிவிடுவதாக அவர் சந்தேகப்பட்டார் என்று ஒரு கதை உலவுகிறது. கதை எப்படியோ, 1891 மார்ச் 10 அன்று அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. 1892 நவம்பரில் இந்தியானா மாநிலம் லா போர்ட்டில் முதல் எக்ஸ்சேஞ்ச் இயங்கத் தொடங்கியது. நாம் ஓர் இலக்கத்தைச் சுழற்றினால் அத்தனை துடிப்புகள் போய், எக்ஸ்சேஞ்சில் ஒரு கை அத்தனை படி ஏறும். சென்னைக்குப் பேச டிரங்க் கால் பதிந்துவிட்டுக் காத்திருந்த தலைமுறைக்கு, ஆள் இல்லாமல் இணைப்பு கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளக்க வேண்டியதில்லை. நம் கிராமங்களுக்கு அது நிஜமாக வந்துசேர்ந்தது அடுத்த நூற்றாண்டின் கடைசியில்தான். 1984இல் தொடங்கப்பட்ட, மத்திய அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு நிறுவனமான சி-டாட், வெயிலையும் தூசியையும் தாங்கி, ஏ.சி. அறை இல்லாமலே இயங்கும் 128 இணைப்பு மின்னணு எக்ஸ்சேஞ்சை வடிவமைத்து 1986இல் கர்நாடகத்தின் கித்தூரில் நிறுவியது. மஞ்சள் பெயின்ட் அடித்த எஸ்.டி.டி. பூத்துகளின் காலம் அதன் பிறகு வந்தது.

பெட்டியிலிருக்கும் கறுப்புச் சிப் சுழற்று டயலின் வாரிசு. பொத்தானை அழுத்தினால் எழும் ‘பீப்’ ஒலி ஒற்றைச் சுரம் அல்ல, இரண்டு சுரங்களின் கலவை. 1 என்ற விசைக்கு 697 ஹெர்ட்ஸும் 1209 ஹெர்ட்ஸும் சேர்ந்து ஒலிக்கும்; 5க்கு 770ம் 1336ம். ஒற்றைச் சுரமாக இருந்தால், பேசுகிறவரின் குரலிலோ பின்னணியில் ஓடும் பாட்டிலோ அதே சுரம் தற்செயலாக வந்து இணைப்பைக் குழப்பிவிடும். ஒன்று மற்றொன்றின் மடங்காக அமையாத எட்டு அதிர்வெண்களைத் தேர்ந்து, அவற்றை இரண்டிரண்டாகக் கோத்த இந்த முறையை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் உருவாக்கியது. 1963 நவம்பர் 18 அன்று பென்சில்வேனியாவின் இரண்டு ஊர்களில் பொதுமக்களுக்குப் புழக்கத்துக்கு வந்தது. சிப்புக்குப் பக்கத்திலிருக்கும் 3.58 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலுக்கு ஒரு வேடிக்கையான வம்சாவளி உண்டு. அது அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சிக்காக லட்சக்கணக்கில் செய்யப்பட்டதால் மலிவாகக் கிடைத்தது. அந்த மலிவை நம்பியே இந்தச் சிப்பை வடிவமைத்தார்கள்.

சிப் அந்த இரட்டைச் சுரத்தைக் கேட்டு நான்கு கால்களில் விடை தருகிறது. 1 அழுத்தினால் 0001, 2 அழுத்தினால் 0010, 5 என்றால் 0101. இங்கேதான் தொலைபேசி முடிந்து கணினிச் சுற்று தொடங்குகிறது. ரிலேக்களின் திறப்பும் மூடலும் ஜார்ஜ் பூலின் தர்க்கக் கணிதத்தோடு அப்படியே பொருந்துகின்றன என்று 1937இல் தம் முதுகலை ஆய்வேட்டில் காட்டியவர் கிளாட் ஷானன். அதே ஆண்டு பெல் ஆய்வுக்கூடத்தின் ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ், ஆய்வுக்கூடத்திலிருந்து எடுத்துவந்த தொலைபேசி ரிலேக்களை வைத்துத் தம் வீட்டுச் சமையலறை மேசையில் இரண்டு எண்களைக் கூட்டும் சுற்றை அமைத்தார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் உதிரிப் பாகங்களிலிருந்து கணினி பிறந்தது என்று சொன்னால் அது மிகையாகாது. ஷானனின் அடிப்படைக் கருத்து எவருடைய காப்புரிமையாகவும் ஆகவில்லை, ஆகியிருக்கவும் முடியாது. கணிதம் வேலிக்கு வெளியே நிற்பது.

சிப்புகளின் அடிப்படைப் பாகமான டிரான்சிஸ்டரின் வரலாற்றில் வேலிச் சண்டை இன்னும் நுணுக்கமானது. பெல் ஆய்வுக்கூடத்தில் அது 1947 டிசம்பரில் பிறந்தபோது, மின்புலத்தால் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் எண்ணத்தை அகலமாகக் கோர வழி இல்லாமல் போயிற்று. காரணம், ஜூலியஸ் லிலியன்ஃபெல்டு என்பவர் 1926இல் விண்ணப்பித்து 1930இல் பெற்றிருந்த காப்புரிமை. அவர் அதை வேலை செய்ய வைத்ததாகச் சான்று இல்லை. ஆனால் எழுதி வைத்திருந்தார். எழுதி வெளியானது, வேலை செய்யாததாயினும், பின்னால் வருபவரின் புதுமையைத் தின்றுவிடும். அந்த ஆய்வுக்கூடத்தின் பார்டீனும் பிராட்டெய்னும் தங்கள் புள்ளித்தொடர்பு வடிவத்துக்கு 1950இலும், ஷாக்லி தம் சந்தி வடிவத்துக்கு 1951இலும் தனித்தனியே காப்புரிமை பெற்றார்கள். 1956இல் அமெரிக்க அரசோடு ஏற்பட்ட நீதிமன்ற உடன்படிக்கையின்படி பெல் நிறுவனம் அன்று தன்னிடமிருந்த காப்புரிமைகளைக் கட்டணமின்றிப் பிறருக்குத் திறந்துவிட்டது.

இதற்கெல்லாம் முன்பே, செமிகண்டக்டர் என்னும் குறைக்கடத்தியால் மின்காந்த அலையை உணரும் கருவிக்கு 1901இல் விண்ணப்பித்து 1904 மார்ச் 29 அன்று அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர் கல்கத்தாவின் ஜகதீச சந்திர போஸ். காரீயத் தாதுவான கலீனாவை அவர் அதில் பயன்படுத்தினார். அறிவைப் பணமாக்குவதில் அவருக்கு விருப்பமில்லை. நண்பர்கள் வற்புறுத்தியே அந்த விண்ணப்பம் போனது. அவர் அந்த உரிமையால் ஒன்றும் சம்பாதிக்கவில்லை.

ஒரே சொல் ஒரு தொழிலையே அசைத்ததைப் பார்க்க வேண்டுமானால் முழுச் சுற்றையும் ஒரே சிப்பில் அடக்கும் ஐ.சி.யின் கதையைத்தான் பார்க்க வேண்டும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் ஜாக் கில்பி 1959 பிப்ரவரியில் விண்ணப்பித்தார். ஃபேர்சைல்டு நிறுவனத்தின் ராபர்ட் நாய்ஸ் அதே ஆண்டு ஜூலையில் விண்ணப்பித்தார். பின்னால் போனவருக்கு 1961இலேயே காப்புரிமை கிடைத்துவிட்டது. முன்னால் போனவருக்கு 1964இல் கிடைத்தது. கில்பியின் படத்தில் பாகங்களை இணைக்கும் மெல்லிய தங்கக் கம்பிகள் சிப்புக்கு மேலே அந்தரத்தில் வளைந்து நின்றன. அதைச் சரிக்கட்ட, மின்காப்புப் படலத்தின் மீது தங்கத்தை ‘இட்டும்’ இணைக்கலாம் என்று ஒரு வாக்கியத்தை அவர் தரப்பு சேர்த்திருந்தது. நாய்ஸோ உலோகத் தடங்கள் ஆக்சைடு படலத்தின் மீது ‘ஒட்டிப் படிந்திருக்கும்’ என்று எழுதினார். இடுவதும் ஒட்டிப் படிவதும் ஒன்றா? காப்புரிமை அலுவலகத்தின் குழு கில்பியின் பக்கம் சாய்ந்தது. 1969இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நாய்ஸின் பக்கம் தீர்த்தது. மேலே வைத்தது எல்லாம் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பதில்லை என்பதே தீர்ப்பின் உள்ளடக்கம். வேடிக்கை என்னவென்றால், தீர்ப்பு வருவதற்கு மூன்று ஆண்டு முன்பே இரண்டு நிறுவனங்களும் ஒன்றுக்கொன்று உரிமம் கொடுத்துக்கொண்டு சமாதானமாகிவிட்டன. 2000இல் கில்பிக்கு நோபல் பரிசு கிடைத்தபோது நாய்ஸ் உயிரோடு இல்லை.

இனி நம் கடைக்காரரின் பெட்டிக்கு வருவோம்.

இந்தியாவில் காப்புரிமையின் வரலாறு 1856இல் தொடங்குகிறது. கல்கத்தாவின் ஜார்ஜ் ஆல்ஃபிரட் டிபென்னிங் பங்கா என்னும் கூரைத் துணிவிசிறியை இழுக்கும் இயந்திரத்துக்குத் தனியுரிமை கேட்டதே முதல் விண்ணப்பம். மின்விசிறி இல்லாத காலத்து வெக்கை அதில் தெரிகிறது. இன்று நடப்பிலிருக்கும் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்துக்கு அடித்தளம், நீதிபதி ராஜகோபால ஐயங்கார் 1959இல் அளித்த அறிக்கை. விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் ஆயுள். புதியதாக இருக்க வேண்டும், துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றிவிடாததாக இருக்க வேண்டும், தொழிலில் பயன்பட வேண்டும். தமிழகத்து விண்ணப்பங்கள் சென்னை கிண்டியிலுள்ள அலுவலகத்தின் எல்லைக்குள் வருகின்றன.

இந்தச் சட்டத்தின் மூன்றாம் பிரிவில் எவையெல்லாம் கண்டுபிடிப்பு ஆகா என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் ஓர் உட்பிரிவு, அறியப்பட்ட கருவிகளை வெறுமனே சேர்த்தோ மாற்றி அடுக்கியோ வைத்து, ஒவ்வொன்றும் அறியப்பட்ட விதத்திலேயே தனித்தனியே இயங்கினால் அது கண்டுபிடிப்பு அல்ல என்கிறது. மொபைல் ஸ்டார்ட்டர் இந்த இடத்தில்தான் தட்டி விழுகிறது. போன் போனின் வேலையைச் செய்கிறது, சிப் சிப்பின் வேலையைச் செய்கிறது, ரிலே ஹென்றியின் காலத்திலிருந்து செய்வதையே செய்கிறது. நம் பக்கத்திலேயே எத்தனையோ பேர் இதைச் செய்து விற்கிறார்கள் என்பது தனிக் காரணம். அதே பட்டியலின் இன்னோர் உட்பிரிவு, கணித முறையையும் கணினி நிரலை நிரல் என்ற அளவிலும் விலக்குகிறது. எக்ஸ்சேஞ்சில் அழைப்புகள் குவியும்போது எதை முதலில் கவனிப்பது என்று கணினி தானே முடிவுசெய்யும் முறைக்கு, பெல் ஆய்வுக்கூடத்தின் எர்னா ஷ்னைடர் ஹூவர் 1971இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். பிரசவத்துக்குப் பின் மருத்துவமனையில் இருந்தபோது அவர் அதன் முதல் வரைவை வரைந்தார். அவருடைய உரிமையில் நிரல் தனியாக நிற்கவில்லை, எக்ஸ்சேஞ்ச் என்ற இயந்திரத்தின் நடத்தையோடு பிணைந்து நின்றது. இந்தியாவிலும் இன்று நிரல் சார்ந்த விண்ணப்பங்கள் தேறுவது பெரும்பாலும் அந்தப் பிணைப்பைக் காட்டியே. சிப்பின் உள்வரைபடத்துக்கு 2000ஆம் ஆண்டின் தனிச் சட்டம் பத்தாண்டுப் பாதுகாப்புத் தருகிறது. ஆனால் அது சிப்புக்குத்தான், சாலிடர் போட்ட பலகைக்கு அல்ல.

ஆகவே பெட்டிக்கு முடியாது என்று சொன்னேன். அவர் அதில் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. அலமாரியிலிருந்து இரண்டாவது பெட்டியை எடுத்தார். இதில் பழைய போனுக்குப் பதிலாக சிம் கார்டு போடும் மாட்யூலும் சின்னக் கன்ட்ரோலர் சிப்பும் இருந்தன. இது பிறந்ததற்கு ஒரு காரணம் இருந்தது.

63 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றில் பத்து 5 ஹெச்.பி. மோட்டார்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஓடும்போது ஒவ்வொன்றும் ஏழரை ஆம்பியர் எடுத்தால் மொத்தம் 75. டிரான்ஸ்ஃபார்மரின் முழுச்சுமை 84 ஆம்பியர் என்பதால் தாங்கும். ஆனால் மோட்டார் கிளம்பும் அந்த ஓரிரு நொடிகளில் ஆறு மடங்கு வரை இழுக்கும். மின்சாரம் வந்ததும் மோட்டாரைத் தானே கிளப்பும் ஆட்டோ ஸ்டார்ட்டர்கள் வந்தபின், மும்முனை வந்த அதே நொடியில் பத்தும் ஒன்றாகக் கிளம்பின; 450 ஆம்பியர். மின்னழுத்தம் சரிந்தது, மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டர்கள் பிடிக்கவும் விடவும் மாட்டாமல் கடகடவென்று அடித்துக்கொண்டன, டிரான்ஸ்ஃபார்மரில் ஃப்யூஸ் போனது. லைன்மேன் வரும்வரை ஊருக்கே தண்ணீர் இல்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் வெவ்வேறு தாமதத்தைக் கையால் திருகி வைத்துப் பார்த்தார்கள். சீக்கிரம் தண்ணீர் வேண்டும் என்று எல்லோரும் அதைப் பூச்சியத்துக்குத் திருப்பிக்கொண்டார்கள். மனித இயல்புதான்.

அதற்கு இவர் கண்ட வழி, தாமதத்தை யாரும் திருப்ப முடியாதபடி சிம்மின் அடையாள எண்ணிலிருந்தே எடுத்துக்கொள்வது. சிம் ஒவ்வொன்றின் எண்ணும் வேறு. எனவே பெட்டிகள் தமக்குள் பேசிக்கொள்ளாமலே வெவ்வேறு நேரத்தில் கிளம்புகின்றன. நூறு விதத் தாமதங்களில் பத்து மோட்டார்கள் சம வாய்ப்போடு சிதறினால், ஏதோ இரண்டு ஒரே நேரத்தில் மோதுவதற்கு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் வாய்ப்பு உண்டு என்று நான் கணக்குப் போட்டுச் சொன்னேன். “ரெண்டு மோதினா தாங்கும் சார், பத்து மோதினாதான் தாங்காது” என்றார். அந்தப் பதிலில் பொறியியல் முழுவதும் இருந்தது.

இதில் ஒரு கண்டுபிடிப்பு இருக்கிறது என்பது என் கருத்து. பாகங்கள் தனித்தனியே இயங்கவில்லை. தொலைபேசி அடையாளம் மோட்டாரின் நடத்தையை மாற்றுகிறது. ஆனால் எளிதில் தோன்றாதது என்ற சோதனையில் இது எப்படி நிற்கும் என்பது வேறு கேள்வி. மின்சாரம் திரும்பும்போது சுமைகளை இடைவெளி விட்டு ஏற்றுவது மின் பொறியாளர்களின் பழைய பாடம். ஒரே கம்பியைப் பங்கிட்டுக்கொள்ளும் கணினிகள் மோதிக்கொண்டால் ஒவ்வொன்றும் தற்செயலாகத் தேர்ந்த ஒரு நேரம் காத்திருந்து மறுபடி முயல வேண்டும் என்ற ஈதர்நெட் முறைக்கு ராபர்ட் மெட்காஃபும் தோழர்களும் 1975இல் விண்ணப்பித்து 1977 டிசம்பரில் காப்புரிமை பெற்றுவிட்டார்கள். அதன் ஆயுள் முடிந்து பல காலம் ஆயிற்று. ஆயினும் முன்பே தெரிந்த நுட்பமாக அது என்றும் குறுக்கே நிற்கும். மிஞ்சுவது ‘சிம்மின் அடையாள எண்ணிலிருந்து’ என்ற ஒரு தொடர்தான். அந்தத் தொடரின் மீது மட்டும் ஒரு கோரலைக் கட்டினால், சிம்மின் எண்ணுக்குப் பதிலாக வேறேதாவது எண்ணை எடுத்துக்கொண்டு போட்டிக்காரர் வேலியைச் சுற்றிப் போய்விடுவார்.

இதைவிடப் பெரிய தடை ஒன்று இருந்தது. அவர் அந்தப் பெட்டிகளை விற்றுக்கொண்டிருந்தார். தொடக்க கால மின்னணுக் கணினியான எனியாக்கின் காப்புரிமைக்கு நேர்ந்ததை நினைத்துக்கொண்டேன். 1947 ஜூன் 26 அன்று விண்ணப்பித்து 1964இல் பெறப்பட்ட அந்த அகலமான உரிமையை, 1973 அக்டோபர் 19 அன்று மினியாபொலிஸ் நீதிமன்றம் செல்லாததாக்கியது. ஜான் அட்டனசாஃபின் முந்தைய கருவியிலிருந்து கருத்துகள் எடுக்கப்பட்டன என்பது ஒரு காரணம் என்றால், விண்ணப்பத்துக்கு ஓராண்டுக்கு மேல் முன்பே கருவி வெளிப்படையாகப் பயன்பாட்டில் இருந்தது என்பது இன்னொரு காரணம். அமெரிக்கா தந்த அந்த ஓராண்டுச் சலுகை இந்தியாவில் பொதுவாக இல்லை. அரசு அறிவித்த கண்காட்சியில் வைத்திருந்தால் 12 மாதங்களும், நியாயமான சோதனைக்காகப் பொதுவில் இயக்கித்தான் ஆக வேண்டியிருந்தால் ஓராண்டும் விதிவிலக்கு உண்டு. காசு வாங்கிக்கொண்டு கிணற்றடிகளில் மாட்டிக் கொடுத்ததைச் சோதனை என்று வாதாடுவது கடினம். ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின் ஸ்கூட்டர் செய்யும் பெரிய ஆலைகளில் பொறியாளர் ஒரு யோசனையைச் சொன்னால், அது வெளியே கசியும் முன் சட்டப் பிரிவு விண்ணப்பத்தைப் போட்டுவிடும். ரீவைண்டிங் கடையில் யோசனை பிறக்கும் அன்றே வாடிக்கையாளர் தலையில் ஏற்றப்படுகிறது. சட்டம் இரண்டையும் ஒரே அளவுகோலால்தான் அளக்கிறது. எனக்கு அது முழுக்க நியாயமாகப் படவில்லை.

செலவு பெரிய தடை அல்ல. தனிநபர் இணையவழி விண்ணப்பிக்க 1,600 ரூபாய், பரிசீலனை கோர 4,000 ரூபாய். தற்காலிக விவரக்குறிப்பைப் போட்டு இடம் பிடித்துவிட்டு 12 மாதத்துக்குள் முழு விவரம் தரலாம். முகவரின் கட்டணமும், யாராவது மீறினால் வழக்கு நடத்தும் செலவும்தான் கனமானவை. இதையெல்லாம் கேட்டபின் அவர் எழுப்பிய மூன்றாவது கேள்விதான் சரியான கேள்வி. “எனக்கு வேண்டாம் சார். நாளைக்கு வேற ஒருத்தர் இதையே எழுதிக் கொடுத்து வாங்கிட்டு, என்னைச் செய்யாதேன்னு சொன்னா?”

அதற்கு மருந்து உண்டு, மலிவானதும்கூட. விவரம் தேதியோடு பொதுவில் வெளியாகிவிட்டால், அதன்பின் எவரும் அதையே புதிது என்று கோர முடியாது. லிலியன்ஃபெல்டின் எழுத்து ஷாக்லியின் வழியை அடைத்தது போல, யார் எழுதியது என்ற பேதமின்றி எழுத்து அடைக்கும். துறை அறிந்தவர் படித்துச் செய்துபார்க்கும் அளவுக்கு விவரம் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. “அப்ப நீங்களே எழுதிடுங்க” என்று சொல்லி, ஒரு பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்கைப் போட்டுக் கொடுத்தார்.

அதன்படி, மூன்று பேஸும் வந்து மின்னழுத்தம் நிலைப்பட்டதும் கன்ட்ரோலர் சிப், மாட்யூலிடம் சிம்மின் அடையாள எண்ணைக் கேட்டு வாங்கி, அதன் கடைசி இரண்டு இலக்கங்களை எடுத்துக்கொள்கிறது. அந்த இலக்கங்களை மூன்றால் பெருக்கி 20 கூட்டினால் வருவது தாமதம், நொடிகளில். 00 என்றால் 20 நொடி, 99 என்றால் 317 நொடி. அந்த நேரம் கழிந்த பிறகே ரிலே பச்சைப் பொத்தானின் சுற்றை மூடுகிறது. இடையில் உரிமையாளர் அழைத்து 1 அழுத்தினாலும் தாமதம் குறையாது. 2 அழுத்தினால் அன்றைய முறைக்குத் தானாகக் கிளம்புவது ரத்தாகும். காத்திருக்கும்போது ஏதேனும் ஒரு பேஸ் விழுந்துவிட்டால், எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.